இரண்டு மேசைக்கரண்டி இரத்தம்

இரத்த தான முகாம் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். உடல்நலம் உள்ள ஒருவர் படுக்கையில் படுத்து 350 மில்லிலிட்டர் இரத்தம் கொடுக்கிறார். சற்று நேரம் ஓய்வெடுக்கிறார். ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகிறார். அவருக்கு ஒரு தீங்கும் நேர்வதில்லை.

இன்னொருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய மண்டையோட்டுக்குள் 30 மில்லிலிட்டர் இரத்தம் கசிந்து தேங்கிவிட்டது. அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு. தானம் கொடுத்தவர் இழந்ததில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான். ஆனால் அவர் உயிருக்குப் போராடிக் கொண்டிருக்கிறார்.

ஏன் இந்த வேறுபாடு? விடை இரத்தத்தின் அளவில் இல்லை. அது தேங்கிய இடத்தில் இருக்கிறது. இதை விளங்கிக் கொள்ள, அரிதான ஒரு நோய்நிலையை இந்தக் கட்டுரையில் ஆராய்வோம். கல்லீரலில் தோன்றிய புற்றுநோய் மண்டையோட்டு எலும்புக்குப் பரவி, அங்கே இரத்தக் கசிவை உண்டாக்கும் நிலை அது. நோய் அரிது. ஆனால் அதில் செயல்படும் விதிகள் உங்கள் இயற்பியல் பாடநூலில் உள்ளவையே.

கோட்டக்குப்பத்தில் ஒருவர்

புதுச்சேரி நகரின் வடக்கு எல்லையை ஒட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்த ஊர் கோட்டக்குப்பம். அங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் வெண்மையாக விரிந்து கிடக்கும். இந்தக் கரையில் வாழும் 55 வயதான ஒருவரை நாம் கற்பனை செய்துகொள்வோம். உப்பளத்தில் பல ஆண்டு உழைத்தவர். கல்லீரலில் புற்றுநோய் இருப்பதாகச் சில மாதங்களுக்கு முன்பு மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். அண்மையில் காதுக்கு மேலே, தலையின் பக்கவாட்டில் மெத்தென்ற ஒரு புடைப்பு தோன்றியிருந்தது.

ஒரு நாள் காலையில் அவருக்குக் கடுமையான தலைவலி. நண்பகலில் வாந்தி. மாலையில் கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார். தூங்கித் தூங்கி விழுகிறார். ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக விரிந்திருக்கிறது. அவர் கீழே விழவில்லை. தலையில் அடிபடவும் இல்லை. வீட்டார் தாமதிக்காமல் வண்டி பிடித்து, சில கிலோமீட்டர் தொலைவில் கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறார்கள்.

இவர் நம் கற்பனை மனிதர். ஆனால் இவரைப் போன்ற உண்மையான நோயாளிகளைப் பற்றி ஜப்பான், கொரியா முதலிய நாடுகளின் மருத்துவர்கள் எழுதியுள்ளனர். இவரை வைத்து மூன்று கேள்விகள் கேட்போம். சிறிதளவு இரத்தம் மூளையை ஏன் இப்படி வருத்துகிறது? அடிபடாமலே இரத்தம் எப்படிக் கசிந்தது? கசிந்த இரத்தம் ஏன் தானாக நிற்கவில்லை?

மூடிய பெட்டி

முதலில் ஓர் எளிய சோதனை. ஊசி பொருத்தாத புதிய பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். அதில் காற்றை மட்டும் இழுத்து, நுனியை விரலால் அடைத்து, தண்டை அழுத்துங்கள். தண்டு சற்று உள்ளே போகும். இனிக் காற்றுக் குமிழியே இல்லாமல் நீரை நிரப்பி, அதேபோல் அடைத்து அழுத்திப் பாருங்கள். தண்டு அசையாது. காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது என்று வகுப்பில் படித்தது இதுதான்.

வளர்ந்த மனிதனின் மண்டையோடு நீர் நிரப்பி அடைத்த சிரிஞ்சைப் போன்றது. அதனுள் மூன்று பொருள்கள் உள்ளன. 80 விழுக்காடு மூளை. 10 விழுக்காடு இரத்தம். 10 விழுக்காடு மூளையைச் சுற்றியுள்ள தெளிந்த நீர்மம். இம்மூன்றும் அமுக்க முடியாதவை. எலும்பும் விரிந்து கொடுக்காது. ஆகவே ஒன்றின் கன அளவு கூடினால் மற்றொன்று குறைந்தே தீர வேண்டும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மன்ரோ 1783-இலும், ஜார்ஜ் கெல்லி 1824-இலும் இந்தக் கருத்தை எடுத்துரைத்தனர். அதனால் இது மன்ரோ-கெல்லி கொள்கை எனப்படுகிறது.

கூட்டம் நிறைந்த டவுன் பஸ்ஸை நினைத்துக் கொள்ளுங்கள். ஒருவர் புதிதாக ஏறினால் நிற்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் தருவார்கள். இன்னொருவர் ஏறினாலும் சமாளிக்கலாம். ஓர் எல்லைக்குப் பிறகு, ஒரே ஒருவர் கூடுதலாக ஏறினாலும் எல்லோருக்கும் மூச்சு முட்டும். மண்டையோட்டுக்குள்ளும் இப்படித்தான். புதிதாக இரத்தம் தேங்கும்போது, தெளிந்த நீர்மம் முதுகுத்தண்டின் பக்கம் இறங்கி இடம் விடுகிறது. சிரைகளில் உள்ள இரத்தமும் வெளியே தள்ளப்படுகிறது. அதுவரை அழுத்தம் அதிகம் ஏறாது. இந்த ஏற்பாடு தீர்ந்தபின், ஒவ்வொரு மில்லிலிட்டருக்கும் அழுத்தம் தாவித் தாவி ஏறும். நம் நோயாளி காலையில் தலைவலியோடு பேசிக் கொண்டிருந்தவர், மாலைக்குள் மயங்கியதன் காரணம் இதுவே.

படுத்திருக்கும் ஒருவரின் மண்டைக்குள் இயல்பான அழுத்தம் 7 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம். 10 என்று கொள்வோம். பாதரசம் நீரைவிட 13.6 மடங்கு அடர்த்தியானது. ஆகவே இது 13.6 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தத்துக்குச் சமம். ஒரு சொம்புத் தண்ணீரின் ஆழம்தான்.

மூளைக்கு இரத்தத்தைச் செலுத்தும் விசை எது? தமனியின் சராசரி அழுத்தத்திலிருந்து மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது. தமனியில் 90, மண்டைக்குள் 10 என்றால் மீதி 80. இது போதும். தேங்கிய இரத்தத்தால் மண்டைக்குள் அழுத்தம் 50 ஆகிவிட்டால் மீதி 40 மட்டுமே. இது 60-க்குக் கீழே இறங்கினாலே மருத்துவர்கள் கவலை கொள்வார்கள். அழுத்தம் மேலும் ஏறினால் மூளையின் ஒரு பகுதி இடம் பெயர்ந்து, கண்பாப்பாவைச் சுருக்கும் நரம்பை நசுக்குகிறது. அதனால்தான் ஒரு பாப்பா மட்டும் விரிந்தது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு, எலும்புக்கும் மூளை உறைக்கும் இடையே 30 கன சென்டிமீட்டருக்கு மேல் இரத்தம் தேங்கியிருந்தால் அறுவை செய்து அகற்ற வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். நம் இரண்டு மேசைக்கரண்டிக் கணக்கு அங்கிருந்து வந்ததுதான்.

எலும்புக்குள் குடியேறிய செல்கள்

இரண்டாம் கேள்விக்கு வருவோம். கல்லீரல் வலது விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கிறது. அதில் தோன்றிய நோய் தலைக்கு எப்படி வந்தது?

புற்றுநோய்ச் செல்கள் கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் மிதந்து செல்லும். கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் நுரையீரலுக்கும், நிணநீர்க் கணுக்களுக்கும், எலும்புகளுக்கும் பரவும். முதுகெலும்பை ஒட்டி இடுப்பு முதல் மண்டை வரை செல்லும் ஒரு சிரைப் பின்னல் உண்டு. கால் சிரைகளில் இரத்தம் பின்னோக்கிப் போகாமல் தடுக்கும் அடைப்பிதழ்கள் இதில் இல்லை. இருமும்போதோ முக்கும்போதோ வயிற்றில் அழுத்தம் கூடினால் இரத்தம் எந்தப் பக்கமும் தள்ளப்படலாம். ஆஸ்கர் பேட்சன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1940-இல் இதை விளக்கினார். செல்கள் எலும்பைச் சென்றடைய இதுவும் ஒரு வழி.

மண்டையோட்டு எலும்பு இரண்டு ஓடுகளும் நடுவே கடற்பாசி போன்ற அடுக்கும் கொண்டது. அங்கே தங்கிய செல்கள் பெருகி எலும்பை அரித்து, வெளியே புடைப்பாகவும் உள்ளே மூளை உறையை அழுத்தும் கட்டியாகவும் வளர்கின்றன. கல்லீரல் புற்றுநோய்க் கட்டிக்கு ஒரு சிறப்புக் குணம் உண்டு. அது ஏராளமான தமனிக் குழாய்களை உண்டாக்கிக் கொள்ளும். அந்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை, சுவர் மெல்லியவை, இடையிடையே அகன்றவை.

சைக்கிள் ட்யூப் எந்த இடத்தில் வெடிக்கும்? எங்கே புடைத்திருக்கிறதோ அங்கேதான். உருளைக் குழாயின் சுவரில் ஏற்படும் இழுவிசை, உள் அழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கிய அளவுக்குச் சமம் என்பது லாப்லாஸ் விதி. அழுத்தம் மாறாவிட்டாலும் ஆரம் இரட்டித்தால் இழுவிசையும் இரட்டிக்கும். அதைத் தாங்க வேண்டிய சுவரோ மெலிந்து கிடக்கிறது. ஆகவே அடிபடாமலே குழாய் கிழிகிறது.

உறையாத இரத்தம்

விரலில் பிளேடு பட்டால் சில நிமிடங்களில் இரத்தம் நின்றுவிடுகிறது. இரத்தத் தட்டுகள் முதலில் ஓட்டையை அடைக்கின்றன. பின்னர் ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னி அதை உறுதியாக்குகின்றன. இந்த வலையைப் பின்னத் தேவையான ஃபைப்ரினோஜன், புரோத்ராம்பின் முதலிய புரதங்களில் பெரும்பாலானவை கல்லீரலில்தான் உற்பத்தியாகின்றன. அவற்றுள் சிலவற்றைச் செய்து முடிக்கக் கல்லீரலுக்கு வைட்டமின் கே தேவை. டென்மார்க்கைச் சேர்ந்த ஹென்ரிக் டாம், கொழுப்பில்லாத தீனி தின்ற கோழிக்குஞ்சுகள் இரத்தம் கசிந்து இறப்பதைக் கவனித்தார். அதிலிருந்து தொடங்கிய ஆய்வில் இந்த வைட்டமினைக் கண்டறிந்தார். 1943-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கும் எட்வர்டு டாய்சிக்கும் கிடைத்தது.

கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களில் மிகப் பலருக்கு, ஏற்கெனவே கல்லீரல் சுருங்கித் தழும்பேறியிருக்கும். தொழிற்சாலை பழுதானால் சரக்கு குறையும் அல்லவா? உறையவைக்கும் புரதங்களும் அப்படியே குறைகின்றன. இயல்பாக 11 முதல் 13 விநாடியில் உறைய வேண்டிய சோதனை மாதிரி, இவர்களுக்கு மேலும் பல விநாடி எடுத்துக் கொள்கிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. தழும்பேறிய கல்லீரல், குடலிலிருந்து வரும் இரத்தத்துக்குத் தடையாகிறது. ஓம் விதியை நினைவுகூருங்கள். மின்தடை கூடும்போது அதே மின்னோட்டத்தைச் செலுத்த மின்னழுத்தம் கூட வேண்டும். இங்கும் தடை கூடுவதால் பின்னால் உள்ள சிரைகளில் அழுத்தம் ஏறி, மண்ணீரல் வீங்குகிறது. வீங்கிய மண்ணீரல் இரத்தத் தட்டுகளைப் பிடித்து வைத்துக் கொள்கிறது. ஒரு கன மில்லிமீட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டிய தட்டுகள், ஐம்பதாயிரத்துக்கும் கீழே இறங்கக்கூடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இரத்தம் அளவுக்கு மீறி உறையாமல் தடுக்கும் புரதங்களையும் கல்லீரலே செய்கிறது. அவையும் குறைவதால், தராசின் இரு தட்டுகளும் ஒருங்கே எடை குறைந்து ஆடுகின்றன. அதனால் இத்தகைய நோயாளிக்கு ஓரிடத்தில் இரத்தம் கசியலாம். வேறோர் இடத்தில் தேவையில்லாமல் உறையவும் செய்யலாம். மருத்துவர்கள் எச்சரிக்கையோடு நடப்பதற்கு இதுவே காரணம்.

உள்ளே பார்க்கும் கண்

மருத்துவமனையில் முதல் வேலை ஸி.டி. ஸ்கேன். பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு கதிரை உறிஞ்சுகிறது என்று கணக்கிட்டுப் படம் வரையும் கருவி இது. 1971-இல் லண்டனில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை இவ்வாறு படமெடுக்கப்பட்டது. கருவியை உருவாக்கிய பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், கணித அடிப்படையை அமைத்த இயற்பியலாளர் கார்மக்குக்கும் 1979-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அளவுகோலில் நீர் 0, காற்று -1000, மூளை 30 முதல் 40, புதிதாக உறைந்த இரத்தம் 60 முதல் 80. ஆகவே உறைந்த இரத்தம் படத்தில் வெண்மையாகத் தெரியும். அதன் வடிவமும் கவனிக்கத்தக்கது. மூளையின் தடித்த உறை எலும்போடு ஒட்டியிருக்கிறது. எலும்புகள் கூடும் தையல் கோடுகளில் இன்னும் இறுக்கமாக ஒட்டியிருக்கிறது. இடையில் புகுந்த இரத்தம் ஓரங்களில் பரவ முடியாமல் நடுவில் உப்புகிறது. எனவே ஸ்கேனில் ஒரு குவி வில்லையின் வடிவம் தெரிகிறது! சில நோயாளிகளில் கனமான இரத்த அணுக்கள் கீழேயும் தெளிந்த நீர் மேலேயும் நின்று, நடுவே நேர்கோடு போட்டதுபோல் காட்டும். இரத்தம் உறையவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

கருவாடும் மூளையும்

அறுவைக்கு ஏற்பாடு நடக்கும்போதே, அழுத்தத்தைத் தணிக்க மருத்துவர் ஒரு வழியைக் கையாள்கிறார். நம் கடற்கரை மக்களுக்கு அந்தத் தத்துவம் புதிதல்ல. மீனில் உப்பைத் தடவி வைத்தால் என்ன ஆகிறது? உப்பு நீரை வெளியே இழுக்கிறது. மீன் சுருங்கிக் கருவாடாகிறது. செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்கு நீர் சவ்வைக் கடந்து செல்வதே சவ்வூடு பரவல்.

மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர் நீரை விடும். உப்பை எளிதில் விடாது. வழக்கமாக நோயாளிக்கு ஏற்றும் சலைன் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கொண்டது. அது நம் இரத்தத்துக்கு ஈடானது. இங்கே ஏற்றுவது லிட்டருக்கு 30 கிராம் உப்புள்ள செறிந்த சலைன். கடல்நீரில் உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் என்பதை நினைத்துப் பார்த்தால் அதன் வலிமை விளங்கும். இரத்தத்தில் உப்பு கூடியதும் மூளைத் திசுவிலிருந்து நீர் இரத்தத்துக்கு இறங்குகிறது. மூளை சற்றுச் சுருங்கி, பெட்டிக்குள் கொஞ்சம் இடம் உண்டாகிறது. மானிட்டால் என்னும் மருந்தும் இதே முறையில் வேலை செய்கிறது. ஆனால் தேங்கிய இரத்தத்தை இவை அகற்றுவதில்லை. அறுவை அறைக்குப் போகும் வரை மூளையைக் காப்பதே இவற்றின் வேலை. அளந்து, இரத்தத்தைச் சோதித்துச் சோதித்து ஏற்ற வேண்டிய மருந்து இது. யாரும் வீட்டில் உப்பு நீர் குடித்துப் பார்க்கக் கூடாது.

இனித்தான் சிக்கல். எலும்பைத் திறந்து இரத்தத்தை அகற்ற வேண்டும். ஆனால் உறையாத இரத்தம் உள்ளவரை வெட்டினால், வெட்டிய இடமெல்லாம் கசியும். காத்திருந்தால் மூளை நசுங்கும். ஆகவே தானமாகப் பெற்ற பிளாஸ்மா, இரத்தத் தட்டுகள், வைட்டமின் கே ஆகியவற்றைக் கொடுத்துக் கொண்டே அறுவை செய்கிறார்கள். நேரம் இருந்தால் கட்டிக்குச் செல்லும் தமனியை முன்கூட்டியே அடைத்துவிடுவதும் உண்டு. 1949-இல் வேலூரில் ஜேக்கப் சாண்டியும், 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. இராமமூர்த்தியும் தொடங்கிவைத்த நரம்பியல் அறுவைத் துறை, இன்று இத்தகைய அறுவைகளை நம் அருகிலேயே செய்யும் அளவுக்கு வளர்ந்துள்ளது.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவை வெற்றி பெற்றால் நினைவு திரும்பும். வீட்டாரோடு பேச முடியும். ஆனால் கல்லீரலில் உள்ள நோய் அப்படியே இருக்கிறது. நோய் மிக முற்றியிருந்தால், அறுவை வேண்டாம், வலியில்லாமல் பார்த்துக் கொள்வோம் என்று மருத்துவரும் குடும்பத்தாரும் சேர்ந்து முடிவு செய்வதும் உண்டு. அதுவும் மருத்துவமே.

சங்கிலியை எங்கே அறுப்பது?

மண்டையோட்டில் முடிந்த இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி பெரும்பாலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே விழுந்திருக்கும். கல்லீரல் புற்றுநோய்க்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று ஹெப்படைடிஸ் பி என்னும் வைரஸ். மது, ஹெப்படைடிஸ் சி வைரஸ், கொழுப்பு படிந்த கல்லீரல், பூஞ்சணம் பூத்த வேர்க்கடலையில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஆகியவையும் காரணங்களே. பிறக்கும்போதே தாயிடமிருந்து பி வைரஸ் தொற்றிய குழந்தைகளில், தடுப்பு எதுவும் செய்யாவிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு அது உடலில் நிலையாகத் தங்கிவிடுகிறது. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாகவே அப்படித் தங்கும்.

அமெரிக்கரான பரூக் பிளம்பெர்க் 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டார். அது இந்த வைரஸின் மேலுறை என்பது பின்னர் தெரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த மேலுறைப் புரதமே தடுப்பூசியாயிற்று. தைவான் நாடு 1984-இல் பிறந்த குழந்தைகளுக்கு அதைப் போடத் தொடங்கியது. அங்கே 6 முதல் 14 வயது வரை உள்ளவர்களில் கல்லீரல் புற்றுநோய், 1981-86 காலத்தில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது. 1990-94 காலத்தில் 0.36 ஆகக் குறைந்தது. புற்றுநோயை ஊசியால் தடுக்க முடியும் என்பதற்கு முதற்சான்று இது.

"காமாலைக்குக் கீழாநெல்லி இருக்கிறதே!" என்று உங்களில் சிலர் கேட்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பிளம்பெர்க்கையும் உடன் சேர்த்துக் கொண்டு, இதைச் சோதித்து 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேருக்கும், வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கும் வைரஸ் புரதம் மறைந்ததாக அவர்கள் கண்டனர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற நாடுகளில் மீண்டும் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு முடிவை மற்றவர்களும் செய்து பார்த்து உறுதிப்படுத்த வேண்டும் என்பதே அறிவியலின் ஒழுங்கு. ஆகவே காமாலை வந்தால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது.

நம் நாட்டில் 2002-இல் சில இடங்களில் சோதனை முறையில் தொடங்கிய இந்தத் தடுப்பூசி, 2011-இல் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. இதையும் உள்ளடக்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி, 2011 டிசம்பரில் முதன்முதலாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அறிமுகமாயிற்று. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்.

மாணவ நண்பர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தடுப்பூசி அட்டையை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் ஹெப்படைடிஸ் பி இல்லையென்றால் மருத்துவரைக் கேளுங்கள். வளர்ந்த பிறகும் போட்டுக் கொள்ளலாம். வீட்டிலோ தெருவிலோ குழந்தை பிறக்கப் போகிறது என்றால், முதல் நாள் ஊசியை நினைவூட்டுங்கள். சவரப் பிளேடு, ஊசி ஆகியவற்றை ஒருவருக்கொருவர் பகிர்ந்து கொள்ளாதீர்கள். வைரஸ் உள்ளவரோடு சேர்ந்து உண்பதாலும் கைகுலுக்குவதாலும் அது தொற்றாது. ஆகவே அவரை ஒதுக்கி வைக்காதீர்கள். அடிபட்டவருக்கோ கல்லீரல் நோயாளிக்கோ தலைவலியும் வாந்தியும் வந்து, தூக்கக் கலக்கமும் சேர்ந்தால், "தூங்கட்டும், காலையில் பார்ப்போம்" என்று பெரியவர்கள் சொன்னாலும் விடாதீர்கள். 108-க்குச் சொல்லுங்கள்.

கணக்கிட்டுப் பாருங்கள்

1. மண்டைக்குள் அழுத்தம் 25 மில்லிமீட்டர் பாதரசம். அது எத்தனை சென்டிமீட்டர் உயர நீருக்குச் சமம்?

2. தமனியின் சராசரி அழுத்தம் 85, மண்டைக்குள் 30 என்றால் மூளைக்கு இரத்தம் செலுத்தும் அழுத்தம் எவ்வளவு? அது போதுமா?

3. கைக்குழந்தையின் மண்டை எலும்புகள் இன்னும் முழுதாக ஒட்டவில்லை. உச்சியில் மென்மையான இடம் உண்டு. மன்ரோ-கெல்லி கொள்கை அங்கே எவ்வாறு மாறும்? சிந்தித்து, உங்கள் ஆசிரியரோடு பேசிப் பாருங்கள்.